எட்டுக் குருவித் தோரணம்

1. வாசலில் திரும்பிப் போனவர்

கலியாணத்துக்கு முதல் நாள் காலை, பெண்ணின் தகப்பன் வாசல் தோரணத்துக்குக் கீழே வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். விரலை நீட்டி ஏதோ எண்ணினார். பிறகு பந்தலுக்குள் கால் வைக்காமல் திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கலியாண வீடுகளை அலங்கரிக்கும் இந்தச் சோடனைத் தொழிலில் நான் பார்க்காத சண்டை இல்லை. மணவறைக்கு நீலத் துணி போட்டதற்காக மாப்பிள்ளையின் மாமி கோபித்துக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கட்டிய பந்தலைக் கச்சான் காற்று தூக்கிக் கடலில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தோரணத்தைப் பார்த்து ஒரு மனிதரின் முகம் அப்படிக் கறுத்ததை அன்றுதான் கண்டேன். எனக்கும் கோபம் வந்தது. விடியற்காலையில் எழும்பி, குருத்தோலையில் குருவி மடித்துக் கட்டிய தோரணம் அது.

இடம், உப்புவெளியில் கடலைப் பார்த்த ஒரு கெஸ்ட்ஹவுஸ். பெண்ணின் பெயர் லின். மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த சீனப் பிள்ளை. மாப்பிள்ளை பென், அவுஸ்திரேலியன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சுற்றுலா வந்து இதே வளவில்தான் முதன்முதலாகக் கண்டுகொண்டார்களாம். அதனால் கலியாணமும் இங்கேதான் என்று ஒரே பிடி. லின்னின் தாய் உயிரோடு இல்லை. தகப்பனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை.

“அப்பா கேக்கிறார் அன்ரி, எங்கட ஊரும் இல்லை, பென்னின்ர ஊரும் இல்லை, எங்கட ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லாத இடத்தில என்ன கலியாணம் எண்டு” என்று லின் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் பேசியது இங்கிலீஷ். கெஸ்ட்ஹவுஸ்களில் பழகிய காதால் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

மகள் தொலைபேசியில் அழுததால் மனிதர் வந்திருந்தார். வந்தது வேறு, சம்மதித்தது வேறு. சீனக் கலியாணத்தில் மணமக்கள் முழங்காலில் இருந்து பெரியவர்களுக்குத் தேத்தண்ணீர் நீட்ட வேண்டும். வாங்கிக் குடித்தால்தான் சம்மதம் என்று பொருள்.

“கலியாணக் கையெழுத்து எங்கயும் வைக்கலாம் அன்ரி. அப்பா அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காட்டி எனக்கு இது கலியாணமே இல்லை” என்றாள் லின். குடிப்பாரா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

2. கையால் செய்தவை

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பிளாஸ்டிக் பூ, வாடகை மாலை எதுவும் கூடாது. எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். பாதி சீன முறை, பாதி அவுஸ்திரேலிய முறை. நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நாசர் நானாவுக்குப் போன் எடுத்தேன். நாசர் நானா கிண்ணியாவில் தச்சு வேலை செய்பவர். என் மணவறைச் சட்டம் ஒவ்வொன்றும் அவர் கைப்பட்டதுதான்.

“சீனா ஒரு பக்கம், அவுஸ்திரேலியா ஒரு பக்கம். நடுவுல கிண்ணியாக்காரன் என்னத்தச் செய்ற தங்கச்சி?” என்று சிரித்தார். சிரித்தவர் அடுத்த நாளே பிரம்பைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். பிரம்பை வளைத்து உருண்டைக் கூடு கட்டி, மணவறைக்கு வைத்திருந்த சிவப்புத் துணியைச் சுற்றினோம். உள்ளே பல்பைப் போட்டதும் வளவே சிவந்துபோனது. “வெசாக் கூடு கட்டுற காலம் முடிஞ்சு போச்சே, உதென்ன?” என்று றோட்டால் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

லின் சிவப்புத் தாள் வெட்டியதைப் பார்த்த அன்று நான் என் வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். பென்சில் கோடு கிடையாது. தாளை மடிப்பாள், சின்னக் கத்தரிக்கோலை நுழைப்பாள், துண்டு துண்டாக மடியில் விழும். விரித்தால் இரண்டு பறவைகள், நடுவில் இரட்டைச் சந்தோசம் என்று அவர்கள் சொல்லும் எழுத்து. ஒரு இழை அறுந்திருக்காது. எப்படிப் பிள்ளை என்று கேட்டேன்.

“எதை வெட்டக் கூடாது எண்டு யோசிச்சாக் காணும் அன்ரி” என்றாள். இத்தனை வருசம் கத்தரிக்கோல் பிடித்தவள், எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை.

பென்னின் தாய் மார்கரெட் மஞ்சள் கம்பளி நூலில் குட்டிக் குட்டி உருண்டைகள் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர்கள் நாட்டு வாட்டில் பூவாம். நூறு பூ ஒரு கொப்பில் நிற்பதுபோல் அவள் அதைக் கட்டியபோது, உண்மையில் மணக்கிறதா என்று நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மணம் பிறகு வந்தது, மலைநாட்டிலிருந்து மரக்கறி லொறியில். யூகலிப்டஸ் இலைக் கட்டுகளை இறக்கியதும் வளவு முழுக்கத் தைல வாசம். என்னோடு வேலை செய்யும், பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் பெண்கள் விடுவார்களா?

“மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்ச ஆக்களுக்கோ அக்கா கலியாணம்?”

பென் அந்த இலைகளைக் கந்தோர்களில் கடதாசியில் ஓட்டை போடும் சின்ன மெசினில் வைத்து டக் டக்கென்று குத்திக்கொண்டிருந்தான். விழுந்த பச்சைப் பொட்டுகளை ஒரு பெட்டியில் சேர்த்தான். எதற்கென்று கேட்டதற்கு, மணமக்கள் தலையில் தூவ என்றான். அட, எங்கள் அறுகரிசி! அறுகம்புல்லும் அரிசியும் கலந்து நாங்கள் தூவுவதை, கடல் தாண்டி இருப்பவர்கள் இலையில் செய்கிறார்கள். மணமக்கள் தலையில் எதையாவது போடாமல் மனிதருக்கு எந்த ஊரிலும் பொறுக்காது போலிருக்கிறது.

தேத்தண்ணீர் குடிக்கும் பெரியவர்களுக்காக நாசர் நானா இரண்டு கதிரைகள் செய்தார். சீவுளியை ஓட்டிக்கொண்டே, “அந்த நேரம் நீங்க வழமை போலப் பின்னுக்குத்தானா?” என்று கேட்டார்.

“ஓம், பின்னுக்குத்தான்.”

என் கணவர் இறந்த பிறகு நான் பழகிக்கொண்ட வழக்கம் அது. மணவறையைக் கட்டுவேன், பூ வைப்பேன், கடைசி ஊசி வரை குத்துவேன். தாலி கட்டும் நேரம் வந்தால் மணவறைக்குப் பின்னால் போய்விடுவேன். போ என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வைக்கக் கூடாதென்று நானே போய்விடுவேன். மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறியது எனக்குத் தெரியும்.

3. நாலும் ஆகாது, மூன்றும் ஆகாது

தகப்பன் கதவைச் சாத்தியதும் லின் அழுதுகொண்டு ஏணிக்குக் கீழே வந்தாள்.

“நாலு, அன்ரி! ஒவ்வொண்டிலயும் நாலு குருவி. எங்கட ஆக்களுக்கு நாலு சாவுக்குரிய எண். அப்பா சொல்றார், வாசலிலயே சாவைத் தொங்க விட்டிருக்கு எண்டு.”

வெள்ளைப் பூ சாவுக்குரியது, வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நாலைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று கேட்க எனக்கும் தெரியாது.

“பிள்ளை, நாலு குருவி தலை நிமிர்ந்து நிண்டாத்தான் எங்களுக்குக் கலியாண வீடு. மூண்டு குருவி தலை கீழாத் தொங்கினாச் செத்த வீடு. ஒண்டைக் குறைக்கச் சொன்னா என்னால ஏலாது. றோட்டால போறவன் ஆர் செத்தது எண்டு கேட்பான்” என்றேன்.

தோரணத்தையே கழற்றிவிடுங்கள் என்றாள். தோரணம் இல்லாத கலியாண வாசலா? அதற்கும் என் கை வராது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் எதற்குப் பயந்து கதவைச் சாத்தினாரோ, அதற்குப் பயந்துதான் நானும் நாலைக் கட்டியிருக்கிறேன்.

ஒரு குருத்தோலையை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே போனேன். கலியாண வளவுக்குள் மூன்று குருவி மடிக்கக் கை கூசியது. றோட்டில் நின்று மடித்தேன். அதைச் சேலைத் தலைப்பில் மறைத்து, நாலு குருவித் தோரணம் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு, லின்னோடு அவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தார். முதலில் மூன்றைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக் கண்ணை மூடினேன். பிறகு நாலை நிமிர்த்திப் பிடித்து, தாலி கட்டுவதுபோல் கழுத்தில் கை வைத்துச் சிரித்துக் காட்டினேன். கூத்தாடிக்குக்கூட அவ்வளவு அபிநயம் வந்திருக்காது. “உங்களுக்கு நாலு, எங்களுக்கு மூண்டு. பயம் ஒண்டுதான் எண்டு சொல்லு பிள்ளை” என்றேன். லின் சொன்னாள்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்று குருவியை என் கையிலிருந்து வாங்கி, நசுக்கி, யன்னலால் வெளியே எறிந்தார். எங்களோடு நடந்து வந்து, சல்லிப் பெண்கள் ஓலை மடித்துக்கொண்டிருந்த பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். நாலு குருவித் தோரணம் இரண்டை எடுத்தார். முதுகோடு முதுகு சேர்த்தார். லின் தாள் பறவைகளைக் கோக்க வைத்திருந்த சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டித் தூக்கிப் பிடித்து எண்ணினார். எட்டு.

லின் கைதட்டினாள். எட்டு அவர்களுக்கு மிக நல்ல எண்ணாம். பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். நாலும் நாலும். எல்லாக் குருவியும் நிமிர்ந்துதான் நிற்கிறது. ஒரு கலியாணத்துக்கு இரண்டு மடங்கு மங்களம் வந்தால் யார் வேண்டாம் என்பது? “கட்டுங்கோ” என்றேன்.

ஓலை இரண்டு மடங்கு தேவைப்பட்டது. மார்கரெட், பென், குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். தகப்பன் குருவி மடிப்பை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான், படித்துவிட்டார். பிறகு ஒரு ஓலையை எடுத்து என்னவோ முறுக்கினார், செருகினார், இழுத்தார். உள்ளங்கையில் வெட்டுக்கிளி! காலும் மீசையுமாக, ஊதினால் பாய்ந்துவிடும் போல. அவர் பிறந்த சீனக் கிராமத்திலும் தென்னை இருந்ததாம், சின்ன வயதில் செய்து விளையாடியதாம். குருத்தோலையில் நான் செய்யாதது இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வெட்டுக்கிளியைக் கையில் வாங்கி, முறுக்கு எங்கே தொடங்குகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

4. தேத்தண்ணீர்

அடுத்த நாள் அவுஸ்திரேலிய முறைப்படி வெள்ளை உடுப்பில் லின் கையெழுத்து வைத்தாள். பிறகு சீன முறைக்குச் சிவப்பு உடுத்து வந்தாள். தேத்தண்ணீரில் போடும் சீனத்துச் சிவப்புப் பழத்தை எறும்பு மொய்த்துவிட்டதால், நாசர் நானா வீட்டுப் பேரீச்சம்பழம் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். நான் மணவறைக்குப் பின்னால் போய், துணி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பென்னின் தாயும் தகப்பனும் சோடியாக இருந்து குடித்து எழும்பினார்கள். அடுத்து லின்னின் தகப்பன் வந்து ஒரு கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. லின் முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். வாங்கினார். குடிக்கவில்லை. வெறுங்கதிரையைப் பார்த்தார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் சீனத்தில் ஏதோ சொன்னார். லின் திரும்பி, “அன்ரி, எங்க நிக்கிறீங்கள்?” என்று கூப்பிட்டாள்.

நான் துணியை விலக்கித் தலையை நீட்டினேன்.

“தனியக் குடிக்கக் கூடாதாம். சோடிக் கதிரையில ரெண்டு பேர் இருக்க வேணுமாம். இந்த ஊரில எங்கட ஆக்கள் இல்லை எண்டு சொன்னது பிழையாம். தோரணம் கட்டித் தந்த ஆள் வந்து இருக்கட்டுமாம்.”

“ஏலாது பிள்ளை. நான் புருசன் இல்லாதவள். இந்த நேரத்தில முன்னுக்கு வரக் கூடாது” என்றேன்.

லின் அதைச் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நேரே என்னிடம், மெதுவான இங்கிலீஷில் சொன்னார்: “நானும் மனிசி இல்லாதவன்தான். நான் இருக்கிறனே.”

நான் துணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். சல்லிப் பெண்களில் ஒருத்தி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

“போங்கோவன் அக்கா, தேத்தண்ணி ஆறுது!”

போய் இருந்தேன். லின் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் தன் கோப்பையைத் தூக்கி எனக்காகக் காத்திருந்தார். நான் குடித்தேன். அவரும் குடித்தார், அடி தெரியக் குடித்தார். லின் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்தார். தேத்தண்ணீர் குடித்த பெரியவர்கள் மணமகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமாம். என் மடியில் தோரணம் கட்டி மிஞ்சிய சிவப்பு நூல்தான் இருந்தது. அதை அவள் கையில் கட்டிவிட்டேன். பச்சை இலைப் பொட்டுகள் எங்கள் எல்லார் தலையிலும் விழுந்தன.

சோடனை வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். என்ன வேண்டும், எந்த நிறம் என்று எல்லாரும் கேட்பார்கள். எதைக் கண்டால் உங்களுக்குப் பயம் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்களுடைய பயத்தையும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் வேலை நிலாவெளியில், எங்கள் ஆட்களின் கலியாணம். கெட்டிமேளம் எழும்பியதும் என் கால் பழக்கத்தில் பின்னால் போனது. நாசர் நானா மணவறைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “தங்கச்சி, உங்கட கதிர இங்க இரிக்கி” என்றார். இருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சோடித்த மணவறையில் தாலி ஏறுவதை, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என் கண்ணால் பார்த்தேன்.