மெர்சி மிஸ் அடித்த மலை

நேற்று மத்தியானம் கூரியர்காரர் ஒருவர் வழி தெரியாமல் போன் செய்தார். நெய்வேலிக்குப் புதியவர். பிளாக் நம்பரைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷம், "மலைக்கு எதிர்ப்பக்கம் வாங்க" என்றேன். இங்கே ஏதுங்க மலை என்று கேட்டார், பாவம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் மெர்சி மிஸ்.

தெற்கே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தேன். துணைப்பாடம் புவியியல். ஆசைப்பட்டெல்லாம் எடுக்கவில்லை. அதை விட்டால் புள்ளியியல். கணக்கென்றால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஆனால் மேப் வரைவது பிடித்துப்போனது. மேப்புக்கான கறுப்பு மையின் வாசனை எங்காவது அடித்தால், காலை ஜெப மணியும் ஹாஸ்டல் உப்புமாவும் சேர்ந்தே ஞாபகம் வரும். உப்புமாவைப் பற்றி ஆரம்பித்தால் மலைக்கு வரமாட்டேன், விடுங்கள்.

புவியியல் வகுப்பில் மெர்சி மிஸ் அவரவர் ஊரை மேடு பள்ளத்தோடு வரையச் சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே நின்ற மலையை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, பழுப்பு தீட்டி, பெருமையாக நீட்டினேன். மெர்சி மிஸ் அரசாங்க மேப்பை விரித்தார். ரொம்பப் பழைய மேப். அதில் அந்த இடம் சமதரை. இங்கே ஏதும்மா மலை என்று கேட்டார். சிவப்புப் பென்சிலால் என் மலைக்குக் குறுக்கே ஒரே கோடு. சுரங்கத்தில் தோண்டிய மண் மிஸ், மலை மாதிரி குவித்திருக்கிறார்கள் என்று கெஞ்சினேன்.

"கொட்டுன மண்ணெல்லாம் மேப்புல வராதும்மா. நாளைக்கே அள்ளிட்டுப் போயிடுவாங்க."

அழித்து வந்தால்தான் ரெக்கார்டில் கையெழுத்து. கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, ஒரு வருஷம் போச்சு. ஒரு ரப்பர் போதும்டி என்று தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானா கேட்பேன்? பிடிவாதத்தில் அம்மாவை அப்படியே கொண்டு பிறந்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே வந்தாள், காடாம்புலியூர்ப் பலாப்பழத்தோடு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஹாஸ்டல் வராந்தாவில் சுளை எடுக்க, வாசனை சர்ச் வரைக்கும் போயிருக்க வேண்டும். ஆராதனை முடிந்து மிஸ் நேராக அங்கேதான் வந்தார். நான் ரெக்கார்டைப் பிரித்து அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா மிஸ்ஸைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அது மலை இல்லீங்க டீச்சரம்மா, எங்க வூரு. சுரங்கத்துக்காக எங்க வூரத் தோண்டி, எடுத்த மண்ண அங்கதான் கொட்டிக்கினு இருந்தாங்க. நாங்க குடியிருந்த மண்ணுங்க." எண்ணெய் விரலை மேப்பில் வைத்தாள். "இந்தா, இங்கதான் எங்க கெணத்து மண்ணு கெடக்கு."

அது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியுமோ! மேப் பாழாகிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. மெர்சி மிஸ் என் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, தன் சிவப்புக் கோட்டைத் தானே அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பலாப்பழத்தில் பாதி அவர் வீட்டுக்குப் போனது. நான் பாஸானேன்.

பல வருஷம் கழித்து, வெட்டி முடித்த சுரங்கக் குழியை மூட அந்த மலையைத்தான் திரும்ப அள்ளினார்கள். மிஸ் சொன்னதும் பலித்துவிட்டது. இப்போது அங்கே சமதரை. அம்மாவும் இல்லை.

கூரியர்காரருக்குத் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் சொல்லி வரவழைத்தேன். பார்சலைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். மை மங்கிவிட்டது. பழுப்பும் போய்விட்டது. அம்மாவின் விரலளவு எண்ணெய்க் கறை மட்டும் அப்படியே இருக்கிறது, எங்கள் கிணறு.