மார்கரெட்டின் மூன்றடிப் பாத்தி

மணம்தான் முதலில் வந்தது. குசினி ஜன்னலைத் திறந்தவுடன் பபிள்கம் மாதிரி ஓர் இனிப்பு மணம்... இந்த நாட்டில் பெப்ரவரிதான் கோடை; வெயில் நாற்பதைத் தொட்ட நாள். புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. பூ என்று சொல்ல எங்கள் வளவில் அப்போது ஒன்றுமே இல்லை.

நோபல் பார்க்கில் நாங்கள் வாங்கிய முதல் வீடு அது. கிளேட்டனில் ஏழு வருடம் இருந்த வாடகை யூனிட்டில் ஒரு துளசிக்கே இடம் இல்லை. அதனால் பெட்டிகளைப் பிரிக்க முதலே நானும் கணவர் நேசனும் கிராஃப் பேப்பரில் தோட்டத்தைக் கீறிவிட்டோம். ஒருமுறை நட்டால் வருடாவருடம் தானாகவே வருகிற பூச்செடிகள் மட்டும். பின்வேலி ஓரம் சால்வியா, அதற்கு முன்னால் கங்காருவின் கால் மாதிரிப் பூக்கிற கங்காரு போ, கரையில் லாவெண்டர். ஏப்ரலில் நடலாம் என்று நேசன் ஆப்பு அடித்து நூலும் கட்டியிருந்தார்.

மணத்தைத் தேடிக்கொண்டு போனேன்.

நூலுக்குள்ளே, இறுகிய மண்ணைப் பிளந்துகொண்டு, தடித்த ஊதாத் தண்டுகள். ஓர் இலைகூடக் கிடையாது. நுனியில் மட்டும் இளஞ்சிவப்புப் பூ. முந்தின கிழமை நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். வெறும் மண்தான் இருந்தது.

வேலையால் வந்த நேசன் தண்டுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து வந்தார்.

"மூண்டடி நீளம், ஒண்டரையடி அகலம்... சுத்திவரத்தான் பூத்திருக்கு. நடுவில ஒண்டும் இல்லை."

ஒரு குழந்தையைக் கிடத்துகிற அளவு என்று இருவருக்குமே தோன்றியது.

அடுத்த நாள் அவர் எல்லாவற்றையும் அடியோடு வெட்டினார். நான்காம் நாள் வெட்டிய தண்டுகளுக்குப் பக்கத்திலேயே புதுத் தண்டுகள்... அதே நேர்கோட்டில்.

"கீழ கிழங்கு கிடக்கு, அதுதான்" என்றார். ஆனால் மண்வெட்டியைத் தொடவில்லை. நானும் அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுவதை விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு, நல்ல மத்தியானம். நேசன் கடைக்குப் போயிருந்தார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினேன். பாத்திக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நிற்கிறார். அந்த வெயிலிலும் நீலக் கம்பளிச் சட்டை. முதுகு என் பக்கம். பக்கவாட்டு கேட் பூட்டியபடியே இருந்தது.

அசையவே இல்லை. ஆனால் மிக மெதுவாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கத்தியை மேசையில் வைத்தேன்.

எப்படியோ கதவைத் திறந்தேன். அவர் என்னை விடவும் பயந்துபோனார்.

"ஐ'ம் சோ சொறி, லவ்!"

பெயர் மார்கரெட். எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் வாழ்ந்தவர். இப்போது இரண்டு தெரு தள்ளி முதியோர் இல்லத்தில். பலகை இடைவெளியால் கையை விட்டால் கேட்டின் கொளுக்கி கழலும், திரும்பச் சாத்தவும் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மண்ணுக்குள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

"நோபடி, லவ்" என்றார். "அதுதானே பிரச்சினை."

அவருடைய முதல் பிள்ளை, ஒரு பெண், இறந்தே பிறந்தது. அந்தக் காலத்தில் முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்களாம். எங்கே புதைத்தார்கள் என்று எத்தனையோ வருடம் கேட்டும் பதில் இல்லை. அவர் பின்னி வைத்திருந்த சின்னக் கம்பளியை மண்ணில் விரித்து, அதைச் சுற்றிக் கிழங்குகளை நட்டிருக்கிறார். எங்கேயாவது போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே என்றார்.

உள்ளே போய் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டேன். பிறகு இந்த நாட்டில் நேசனைத் தவிர யாருக்கும் சொல்லாத ஒன்றை அவருக்குச் சொன்னேன். ஊரில் யுத்தம் முடிந்தபோது என் அண்ணா காணாமல் போனதை. அவர் படத்துக்கு மாலை போட அம்மா இன்றுவரை விடாததை.

அன்று பின்னேரம், நான் எல்லாம் சொன்ன பிறகு, நேசன் கிராஃப் பேப்பரை மறுபடி விரித்தார். சால்வியாவுக்கு ஒதுக்கிய இடத்தை அழித்தார்.

"அண்ணா என்ன உயரம்?"

"உங்களை விட நாலு விரல் கூட."

எழுதினார். "மாமிக்குச் சொல்லாதையும்" என்று மட்டும் சொன்னார்.

சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொன்னால் அண்ணா இல்லை என்று நானே முடிவுகட்டியது போலாகிவிடும். கிழங்கு வைக்கும்போதும் அந்தப் பயம்தான், நான் அண்ணாவைக் கொல்கிறேனோ என்று...

கிழங்குகளைப் பிரித்துத் தந்தவர் மார்கரெட். இடம் மாற்றினால் ஒரு வருடம் கோவித்துக்கொண்டு பூக்காது என்றார். அப்படியே நடந்தது. அதற்கடுத்த வருடம் ஆறடிக்குச் சுற்றிவரப் பூத்தது. மார்கரெட் நாலு வருடம் வந்துபோனார். பிறகு அவர் இல்லாமலே அவருடைய மூன்றடியும் பூக்கிறது.

அப்போதெல்லாம் அம்மா போன் எடுத்தால் முதல் கேள்வி, "அவன்ரை சேதி ஏதும் வந்ததே?" நான் வேறு கதைக்கு மாற்றுவேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்த காலம் போய், கேட்கமாட்டாரா என்று இருக்கிறது.

இந்த மார்ச்சில் வீடியோ கோலில் தவறுதலாகக் கமரா தோட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்தார்.

அண்ணாவின் ஆறடிக்கு நடுவில் நாங்கள் எதுவும் நட்டதில்லை. இந்த வருடம் அங்கே தனியாக ஒரு தண்டு வந்திருக்கிறது... நெஞ்சுப் பக்கமாக.

அம்மா சொன்னார்:

"அந்த நடுவில நிக்கிறதைப் பிடுங்கிப்போடாதை, பிள்ளை."