பிஸ்டனுக்கு நாலு தௌ

அண்ணனின் வள்ளத்து இஞ்சின் இரண்டாம் முறையும் நடுக்கடலில் இறுகி நின்றது. முதல் தடவை பாயை விரித்து வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை காற்றும் இல்லை. நாலு ஆள், ஒரு குடம் தண்ணீர். ஒரு பகல் முழுக்க நீரோட்டம் இழுத்த பக்கம் போனார்கள். கீழவைப்பாருக்கு நேரே வந்த வேறொரு வள்ளம் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. மூன்றாம் தடவை என்று ஒன்று வர நான் விடுவதாக இல்லை.

எழுபதுகளின் கடைசி. பாய் மட்டுமே தெரிந்த வள்ளங்களில் இஞ்சின் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்த நேரம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றிய கொஞ்ச நேரத்தில்தான் இரண்டு தடவையும் நின்றது.

பட்டறையில் கழற்றியபோது நானும் போய் நின்றேன். பிஸ்டனைச் சுற்றி நாலு பக்கமும் கீறல். உள்ளே அதற்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். இஞ்சினோடு வந்த சின்னப் புத்தகத்தில் அப்படியே படம் போட்டிருந்தது. வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்தி. ஜெபப் புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் புரட்டியிருந்தேன், பாவம் என்றால் பாவம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளக்காரர் பட்டறைக்கு வந்து, ரிங் மாட்டாத பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரலை எதிர்த்து நின்றால் நல்ல வேலை. தானாக வழுக்கி இறங்கினால் "லொடலொடன்னு இருக்கு" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். அந்த விரலுக்குப் பயந்தே பட்டறைக்காரர் எங்கள் இஞ்சின் உட்பட எல்லாவற்றையும் இறுக்கமாகக் கடைந்து கொடுத்தார். சூட்டில் வீங்குகிற உலோகம் எங்கே போகும்? மனுஷருக்கே நகர இடம் விடாத ஊர், பிஸ்டனுக்கா விடப்போகிறது?

"அண்ணாச்சி, பிஸ்டனச் சுத்தி நாலு தௌ இடம் விடுங்க" என்றேன் பட்டறைக்காரரிடம். அங்குலத்தை ஆயிரமாய்ப் பிளந்தால் அதில் ஒன்று, ஒரு தௌ.

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு தாயி?"

"ரெண்டு. அது பெட்ரோலுக்கு. நம்ம ஊத்துறது என்ன? மண்ணெண்ணெய்க்குச் சூடு கூடல்லா?"

"சரிதான். லேத்த நீயே ஓட்டு, நான் போய் சோறு பொங்குதேன்."

"உங்க சோத்தையும் இறுக்கமா வடிச்சிராதீய."

சிரித்துக்கொண்டே கடைந்தார். உள்சுவரை உரசி மெருகேற்றி முடித்த கையோடு இடைவெளி பார்க்கும் நாலு தௌ கனத் தகட்டைப் பிஸ்டனுக்குப் பக்கத்தில் செருகினார். வழுக்கிக்கொண்டு போனது. "பாத்துக்கோ, நாலு."

சிலிண்டரைத் தொட்டேன். இப்போதுதான் காப்பி ஊற்றிய தம்ளர் மாதிரி கொதித்தது.

"ஆறட்டும் அண்ணாச்சி."

"இட்லியா, ஆற வைக்க?"

எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறிய பிறகு அதே தகட்டை அவரே எடுத்தார். போகவில்லை. மூன்றுதான் போனது. சூட்டில் விரிந்திருந்ததை அளந்துதான் இத்தனை நாளும் கொடுத்திருக்கிறார். எழுந்து, ஆறின பிறகும் நாலு போகிற வரை இன்னொரு கை உரசினார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கட்டைவிரலை வைப்பதற்குள் பிஸ்டன் வழுக்கி இறங்கியது. முகம் செத்துவிட்டது அவனுக்கு.

"ஏளா, கெடுத்துட்டியே."

"கெட்டுதுன்னா உங்கூட நானும் கடல்ல கெடக்கேன். காலையில வள்ளத்துல ஏறுதேன்."

பெண் கால் வைக்காத வள்ளம் அது. மறுநாள் நான் ஏறியதும் கரையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "பொம்பள கால் பட்ட வள்ளத்துல மீன் விழுமாலே?"

"வலையே ஏத்தல மாமா. மீனுக்குத் தெரியப் போறதில்ல" என்றேன்.

கயிற்றை இழுத்ததும் இஞ்சின் 'டக்டக்' என்று அடித்துக்கொண்டது. குளிர்ந்த பிஸ்டன் சுவரில் மோதுகிற சத்தம். கரை முழுக்கச் சிரிப்பு. "தையல் மிஷின மாட்டிட்டுப் போறாம்லே!" அண்ணனின் கை நிறுத்தப் போனது.

"கைய எடு அண்ணே."

எடுத்தான். உப்புக் காற்று, பெட்ரோல் புகை, என் நெஞ்சுக்குள்ளும் ஒரு டக்டக். அலை தடுக்கும் கல் வரிசையைத் தாண்டும்போது சத்தம் மெல்ல மெல்ல அடங்கி ஒரே முழக்கமானது. உள்ளே பிஸ்டன் வீங்கித் தன் இடத்தை எடுத்துக்கொண்டது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். புகையின் வாடை மாறியது. இதற்குமுன் நின்ற இடம் வந்தது, போனது. கோயில் கோபுரம் விரல் நீளத்துக்குக் குறுகியது.

"திருப்பவா?" என்றான்.

"எதுக்கு? இன்னும் போ."

போனான். வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கரையில கேட்டா புஸ்தகத்துல போட்டிருந்துன்னு சொல்லிருவோம்."

"புஸ்தகத்துல ரெண்டுன்னுதான் இருக்கு. நாலுன்னது நான். அப்படியே சொல்லு."

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.