“கொஞ்சம் வெளிய இருங்க”

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போதுதான் அது முதலில் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. யாரிடம் சொல்வது? குறுக்குக்கட்டை இறுக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போது புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கை கனக்கிறது என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் அவர்தான் பேசினார். எங்களில் அதுதான் வழக்கம். பொம்பளைக்கு நோய் என்றால் புருசன் சொல்வார், அவள் தலையாட்டுவாள். தைலம் கொடுத்தார்கள். கட்டி வளர்ந்தது.

கணக்கப்பிள்ளை வீட்டு டீவியில் வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி நாடகம் ஒன்று போகும். வெளிநாட்டுப் பேச்சு, கீழே சிங்கள எழுத்து. எனக்கு இரண்டும் தெரியாது. அதில் வரும் வெள்ளைமுடி டொக்டர் செய்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். நோயாளியோடு வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புவார். பிறகு ஸ்டூலை இழுத்துத் தணிவாக உட்கார்ந்து, பேசாமல் காத்திருப்பார்.

“பாரு, கட்டுன புருசனையே வெளிய தள்ளுறான்!” என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

தைலத்தில் ஒன்றும் ஆகாமல் கண்டிக்குப் போனோம். அங்கே இளம் டொக்டர், சிங்களவர்.

“அம்மாவுக்கு என்னா வருத்தம்?”

“கை வலிங்க. கூடை சொமக்கிறவ...” என்று இவர் தொடங்கினார்.

இப்போது பேசாவிட்டால் மறுபடியும் தைலத்தோடுதான் திரும்புவோம்.

“ஏங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“நானா? நான் எதுக்குடி?”

“போங்களேன்.”

“எல்லாம் அந்த டீவிக்காரன் பண்ற வேலை,” என்று முனகிக்கொண்டே போனார்.

இந்த டொக்டர் ஸ்டூலில் உட்காரவில்லை. ஆனால் தாதியைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிடச் சொன்னார். தலை குனிந்தபடியே சொன்னேன். பிறகு காட்டினேன்.

கட்டியை வெட்டியெடுத்து பயொப்சிக்கு (புற்றுநோயா என்று தசையைப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

முடிவு சொல்லும் நாளில் இவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க.”

“டொக்டர் கூப்பிட்டாரா?”

“நான் கூப்பிடுறேன்.”

“புற்றுநோய் இல்ல, அம்மா,” என்றார் டொக்டர். இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்னைப் போல வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வெள்ளைமுடி டொக்டர் என்ன பேசினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

முன்பெல்லாம் என் உடம்பை நானே பார்க்காமல் அவசரமாகக் குளித்துவிட்டு ஓடுவேன். இப்போது வீட்டோடு குளியலறை இருக்கிறது. கை தழும்பில் போய் நின்று, சுற்றிலும் நிதானமாகத் தடவிப் பார்க்கிறது. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடும்.

“இன்னுமா குளிக்கிற?” என்று கதவைத் தட்டுவார் இவர்.

“கொஞ்சம் வெளிய இருங்க,” என்பேன்.