யோகம் அக்கா போகவேண்டிய ஊர்

செய்தி வந்தபோது நான் ஆரணியின் சமையலறையில் வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிரேசிலின் தென்பகுதியில் புளுமெனாவ் என்ற ஊரில் அது ஒரு திங்கட்கிழமை மாலை. ஆக்லாந்திலிருந்து என் கணவர் அழைத்தார். அங்கே செவ்வாய்க்கிழமை விடிந்திருந்தது.

"கலா, டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு போனேன். யோகம் அக்கா கதவைத் திறக்கல. நம்மகிட்ட இருக்கிற சாவியை வச்சுத் திறந்தேன்..." எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சாவி வழக்கமாக என் பையில் இருப்பது. அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டியவள் நான்.

யோகம் அக்கா செவ்வாய்க்கிழமை இறந்தார். அவருடைய ஒரே மகள் ஆரணியும் நானும் நின்றிருந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை இன்னும் வரவில்லை. ஆரணி ஏழு மாத வயிற்றோடு அடுப்பின் பக்கம் திரும்பி நின்றபடியே, "ஆர் அன்ரி போனில?" என்று கேட்டாள்.

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த யோகேஸ்வரியை, எங்கள் யோகம் அக்காவை, இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். கோயில் மடைப்பள்ளியில் அவரோடு காய் வெட்டியவர்கள் இருப்பீர்கள். நாங்கள் இருவரும் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ அவர் குளிப்பாட்டியிருக்கலாம். நேரம் கழித்து வந்து, குற்றவுணர்வோடு வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகளிடம் அவர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: "வந்திட்டியள் தானே. இருங்கோ." ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைப் பார்த்து, "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். ராஜா வேஷக்காரர் நாடகத்தில் கேட்பதுபோல இருந்தது, சிரித்துவிட்டேன். "உங்கட ஊரில 'நீர்' எண்டால் தண்ணியே?" என்று அவரும் சிரித்தார். அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு 'நீர்' தான். அவர் எனக்கு அக்கா.

அவருக்கு ஜெர்மன் தெரியும் என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. இல்லத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். மறதி நோயில் ஆங்கிலம் முழுவதும் உதிர்ந்துபோய், பிறந்த மொழியான ஜெர்மன் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒருநாள் அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். நான் போர்வையைக் கொண்டுபோனேன், தலையணையைக் கொண்டுபோனேன். எதற்கும் அடங்கவில்லை. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அக்கா நின்றார். கட்டிலருகே போய்க் குனிந்து அந்த மொழியிலேயே ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி கேக்கிறா, கலா. பாவம், இவ்வளவு நேரமும் தண்ணி தான் கேட்டவ" என்றார்.

இளவயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவி, அங்கே தங்க அனுமதி கிடைக்காமல், கல்யாணத்தின் வழியாக ஆக்லாந்து வந்தவர் அவர். அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். "அந்தப் பாஷையில எனக்கு 'இல்லை' எண்டு தான் கனபேர் சொன்னவை" என்பார். அவ்வளவுதான்.

அதனால்தான் லூக்காஸ் விஷயம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆங்கிலம் படிக்க ஆக்லாந்து வந்து, ஒரு காபிக் கடையில் வேலை பார்த்த பிரேசில் பையன் அவன். ஆரணி அவனைத்தான் கட்டுவேன் என்றாள். கணவரை இழந்து, ஒற்றையாக வளர்த்த மகள். அக்கா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். பேச்சுவாக்கில் அவன், தன் ஊருக்கு அந்தக் காலத்தில் ஜெர்மானியர்கள் குடியேறினார்கள் என்றும், தன் அம்மா ஹில்டா இன்றைக்கும் வீட்டில் ஜெர்மன்தான் பேசுவாள் என்றும் சொன்னான். அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "உலகம் முழுக்கச் சுத்தி வந்தும், கடைசியில என்ர சம்மந்தியும் ஜெர்மன்காரியே!" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கல்யாணம் ஆக்லாந்தில் பதிவாகி, பிள்ளைகள் புளுமெனாவ் போனார்கள். சம்பந்திகள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. போனில் மட்டும், அக்கா தனக்குப் பிடிக்காத அந்த மொழியைத் தூசி தட்டி எடுத்துப் பேசினார்.

ஆரணி உண்டானதும் நாங்கள் இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அதற்குள் அக்காவின் சிறுநீரகம் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றானது. ஆரணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு இதயமும் தளர்ந்தது. ஒருநாள் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில், நான் வண்டியைக் கிளப்பப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"கன நாள் இல்லையாம், கலா. டொக்டர் வடிவா விளங்கப்படுத்தினவர்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "ஆரணிக்குச் சொல்லப்படாது. அவளுக்குப் பிரஷர் இருக்கு, பிளேன் ஏறக்கூடாது எண்டு அங்க சொல்லிப்போட்டினம். தெரிஞ்சால் அவள் ஏறுவாள். என்ர பிள்ளையை எனக்குத் தெரியும்."

"அக்கா, அவ கேட்டா நான் என்ன சொல்றது?"

"நல்லா இருக்கிறன் எண்டு சொல்லும். நீர் மட்டும் போயிட்டு வாரும். போனில அவள் காட்டுறதைத் தானே நான் பார்க்கிறன். நீர் போனால் காட்டாததையும் பாப்பீர்."

சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு 'சரி'தான் காரணம்.

புளுமெனாவில் கடைத்தெரு முகப்புகளெல்லாம் ஜெர்மனிப் படம் போட்ட காலண்டர் போலத்தான் இருந்தன. வெள்ளைச் சுவர், குறுக்கும் நெடுக்குமாகக் கரிய மரச்சட்டங்கள், ஜன்னலில் பூந்தொட்டி. அடுத்த தெருவில் திரும்பினால் வாழை, மாமரம், புழுக்கம், கத்திப் பேசும் போர்ச்சுகீசியம். ஆரணியின் வீடு மேட்டில். ஹில்டாவின் வீடு கீழே, ஆற்றுக்குப் பக்கத்தில். ஹில்டா தன் வீட்டுச் சுவரில், என் தலைக்கு மேலே இருந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். வெள்ளம் வந்து நின்ற இடம். அதைப் போனில் அக்காவுக்குக் காட்டினேன். "அவ்வளவு தண்ணி வந்த வீட்டில திரும்பவும் இருக்கினமே! நல்ல மனுசர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காட்டாதது என்ன, கலா?" என்று கேட்டார்.

"ஆரணியோட அடுப்புப் பக்கத்துல உங்க போட்டோ ஒட்டியிருக்குக்கா. மிளகாய்த்தூள் டப்பா மேல நீங்க எழுதி ஒட்டின காகிதத்தைக் கிழிக்காம வச்சிருக்கா. தூள் எப்பவோ தீந்துபோச்சு. டப்பாவை மட்டும் வச்சிருக்கா."

ஆனால் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதுவதில் அர்த்தமில்லை. திருச்சியையும் ஆக்லாந்தையும் தவிர எந்த ஊரையும் பார்க்காதவள் நான். லூக்காஸ் தான் வேலை செய்யும் துண்டு நெசவு ஆலையைக் காட்டக் கூட்டிப்போனான். ஆற்றங்கரையில் நடந்தேன். ஹில்டா சுட்ட வாழைப்பழக் கேக்கை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் அக்காவுக்காக வைத்திருந்த வாய் என்பது சாப்பிட்டு முடித்த பிறகே உறைத்தது.

வளைகாப்பு எங்கள் பக்கத்து வழக்கம். "எங்கட ஆக்களிட்ட அது பெரிசா இல்லை. நீர் உங்கட முறையில என்ர பிள்ளைக்குச் செய்துவிடும்" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். ஆக்லாந்தில் வாங்கிய கண்ணாடி வளையல்களை உடையாமல் கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், நடுவில் ஹில்டாவின் கேக். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பூச்சாடியில் சாய்த்துவைத்த போனில் அக்கா இருந்தார். பட்டுச்சேலை, நெற்றியில் திருநீறு, குங்குமம் இல்லை. முதல் வளையலை யார் போடுவது என்று நான் தயங்கினேன். ஆரணி என் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்காரவைத்தாள். "அன்ரி, டுடே நீங்க தான் அம்மா."

போட்டேன். போனுக்குள்ளிருந்து அக்கா கைதட்டினார். அந்தச் சத்தம் படத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆரணியின் கையில் ஏறாத வளையலை ஹில்டா சோப்பு நுரை தடவி ஏற்றினார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அக்கா சம்பந்தியோடு பேச வேண்டும் என்றார். ஹில்டா போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். இருவரும் ஜெர்மனில் நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது ஹில்டாவின் கண்கள் சிவந்திருந்தன. ஆரணி என்னவென்று கேட்டதற்கு, போனிலிருந்தே அக்கா முந்திக்கொண்டார்: "கேக் எப்பிடிச் செய்யிறது எண்டு கேட்டனான், பிள்ளை."

அன்று எல்லாரும் போன பின்பு, பாத்திரம் கழுவும்போது ஆரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்ரி, அம்மா ஏன் இவ்வளவு மெலிஞ்சு போனவ? ட்ரூத் சொல்லுங்கோ. ஷீ இஸ் ஓகே தானே?"

"சாப்பாட்டுக் கட்டுப்பாடும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது, அதையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "தாங்க் காட்" என்றாள்.

அந்த வாரத்திலேயே, நான் முதலில் சொன்ன திங்கட்கிழமை வந்தது.

அம்மா போய்விட்டதைச் சொன்னபோது ஆரணி கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, "யூ நியூ" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தலையசைத்தேன். "நான் கேட்டனான் அன்ரி. உங்களிட்ட நேரா கேட்டனான்." அதன்பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேட்டேறி மூச்சு வாங்க வந்த ஹில்டா அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துப் போர்ச்சுகீசியத்தில் பேசத் தொடங்கினார். லூக்காஸ் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். வளைகாப்பு நாளில் அக்கா கேக்கைப் பற்றிப் பேசவில்லை. தான் பிரசவம்வரை இருக்கமாட்டேன் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். மகள் பக்கத்திலேயே நிற்க, மகளுக்குப் புரியாத மொழியில் சொல்லியிருக்கிறார். "அவளுக்கு வலி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். சூடாக ஏதாவது கொடுங்கள். அவள் வேண்டாம் என்பாள், கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அந்த மொழியில் தனக்குப் பலரும் 'இல்லை' என்றே சொன்னதாக வருந்திய அக்காவுக்கு, ஹில்டா 'ஆம்' என்று சொல்லியிருக்கிறார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆரணி ஹில்டாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். அந்த மடிக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. எனக்குக் கொடுக்கப்பட்டது மௌனம் மட்டும்தான். அதை நான் சரியாகவே செய்து முடித்திருந்தேன்.

இறுதிச் சடங்குக்கு முன்பே ஆக்லாந்து வந்து சேர வேண்டும் என்று கிளம்பினேன். ஆரணி என்னை அணைக்கவில்லை. அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை, அவள் கணவன் ஆலையில் நெய்ததை, என் பையில் வைத்தாள். "அம்மாவோட வையுங்கோ" என்றாள். தகனத்துக்கு முன் அதை நான் அக்காவின் கால்கள் மேல் போர்த்தினேன். போனில் ஆரணி பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த உங்களில் சிலர் அது என்ன துண்டு என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதில்தான் இது.

குழந்தை பிறந்தது, பெண். ஹில்டா பிரசவ அறையிலேயே இருந்தாராம். பல வாரம் கழித்து ஆரணி முதல்முறையாக என்னை அழைத்தாள். குழந்தையைக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "அன்ரி, அம்மா பயந்தவவோ?"

இல்லையம்மா, தைரியமாக இருந்தாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களில் பலர் சாவு வீட்டில் என்னிடம் அதைத்தான் சொன்னீர்கள். அக்காவும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார்.

"ஆமாம்மா. பயந்தாங்க" என்றேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் நடந்ததை அவளிடம் சொன்னேன். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த அக்கா, குழாய் இல்லாத கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு, கலா. நீர் நிண்டால் நல்லம்" என்றார். போகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பெட்டி கட்டியாயிற்று என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தானாகவே விரல்களைத் தளர்த்தி, "இல்லை, போம். போய் அவளைப் பாரும்" என்றார்.

ஆரணி அழுதாள். அழுதுகொண்டே, "தாங்க் யூ அன்ரி. திஸ் டைம் ட்ரூத் சொன்னதுக்கு" என்றாள்.

அக்கா எனக்கென்று விட்டுச் சென்ற பொருள் எதுவும் இல்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்த அந்தக் கணம்தான் என்னிடம் இருக்கிறது. அவர் என்னைப் போகவிட்டார். நான் போனேன். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.