பக்கத்துச் சாக்கில் விழுந்த கொழுந்து

எடை குறைவான புதுத் தேயிலைக் கத்தரிகளைத் தோட்டத்தை நடத்தும் துரை திருப்பி அனுப்பப் போகிறார் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கத்தரியால் கொழுந்து வெட்டி வெட்டி அம்மாவின் வலது தோளே போய்விட்டது. கை மேலே எழாது. தலை வாரிவிடுவது நான்தான்.

துரை சும்மா சொல்லவில்லை, சோதனை வைத்தார். பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கும் இருவர் ஒரு ஜோடி. ஒருத்திக்குப் புதுசு, ஒருத்திக்குப் பழசு. நிறுத்தால் இரண்டு சாக்கும் ஒரே எடை.

"வித்தியாசமே இல்ல லா," என்றார்.

எப்படி இருக்கும்? முந்தி முடித்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் எங்கள் லயத்து வீட்டுக்காரிகளிடம் கிடையாது. பக்கத்துக்காரி சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டுச் சேர்ந்துதான் இறங்குவார்கள்.

"சோதனை முடியுற வரைக்கும் போடாதீங்கம்மா," என்றேன் அம்மாவிடம்.

"அவ சாக்கு பாதியில கெடக்க நான் எப்படி எறங்குறது? ஒன் கணக்க மாத்து!"

மாற்றினேன். பார்ப்பது ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை என்றாலும் நான் படித்தது புள்ளியியல். துரை முன்னால் போய் நின்று புதுச் சோதனையைச் சொன்னேன். ஒரு நாள் எல்லோருக்கும் புதுசு, மறுநாள் எல்லோருக்கும் பழசு. எது முதலில் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்வோம். அந்த இரண்டு நாளும் ஒரு ஜோடி. யார் சாக்கில் யார் போட்டாலும் மொத்தம் மாறாது.

வாரக்கணக்கில் நடந்தது. புதுக் கத்தரி நாட்களில் மொத்த எடை கூடியிருந்தது; அந்த இடைவெளி தற்செயலா என்று பார்க்க வேண்டும். கத்தரியால் வித்தியாசமே இல்லையென்றால், ஜோடிகளில் புதுசையும் பழசையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றினாலும் இதே இடைவெளி அடிக்கடி வர வேண்டும். ஆனால் ஒரு ஜோடி கூடினால் மாற்றும் வழிகள் இரட்டிப்பாகும். ஆபீஸ் கணினிக்கு மூச்சு வாங்கியது. குலுக்கிப் போட்டுச் சில ஆயிரத்தை மட்டும் எடுக்க வைத்தேன். அந்த இடைவெளி அவற்றில் அபூர்வமாகத்தான் வந்தது; அப்படியானால் கூடியது கத்தரியால்தான்.

"எல்லாத்தையும் பார்க்காம எப்படி நம்புறது?" என்றார் துரை.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், ஐயா. நான் நல்லாக் கிளறிட்டு ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன்."

புதுக் கத்தரிகள் தங்கின. தோற்ற எரிச்சலோ என்னவோ, துரை சரிவுக்கே வந்து சத்தம் போட்டார்: "இனிமே அவங்கவங்க கொழுந்து அவங்கவங்க சாக்குல!"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கை நிறையக் கொழுந்தை அள்ளி, செடிக்கு மேலே தோளுயரத்துக்குத் தூக்கி, பக்கத்துக்காரி சாக்கில் கொட்டினாள். வலது கையும் எழுந்தது.