பொந்துக்குள் இருந்த இருவாச்சி

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியில் உரசிய கிளையை வெட்ட ஏணி ஏறினார் லைன்மேன். கத்தியை ஓங்கியவரைக் கொத்த, மரத்தண்டின் பிளவிலிருந்து மஞ்சள் அலகு ஒன்று நீண்டது. மனிதர் சடாரென்று இரண்டு படி இறங்கினார்.

"என்ன மச்சான், பாம்பா?" ஏணியைப் பிடித்திருந்த அவர் மனைவியின் தம்பி கேட்டான்.

"இருவாச்சிடா. அடைகாக்குது."

பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழையும் சந்துதான் மிச்சம். உள்ளேயே இறகும் உதிர்ந்துவிடும். ஆண் பறவை கொண்டுவந்தால்தான் சாப்பாடு.

இறங்கியதும் தன் மேலதிகாரியான பொறியாளரம்மாவுக்குப் போன் போட்டார்.

"கிளையைத் தொடாதீங்க. கம்பியைத் தள்ளிக் கட்டிக்கலாம்" என்றார் அவர்.

வேலை அதோடு முடிந்தது. ஆனால் லைன்மேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் இரைவதுபோல் இறக்கை இரைய வந்த ஆண் பறவை, மரத்தை நெருங்காமல் திரும்பிப் போனது. தொண்டை பழங்களால் புடைத்திருந்தது. எதிர்மரத்தில் உட்கார்ந்து கரகரத்த குரலில் கத்தியது. பொந்துக்குள்ளிருந்து ஈனஸ்வரத்தில் பதில் வந்தது.

"உங்க மூஞ்சியப் பாத்துப் பயந்திருக்கும்" என்றான் மச்சினன்.

இருவரும் புதருக்குள் பதுங்கினார்கள். எறும்பு கடித்தது. பறவை வந்தது, மறுபடி திரும்பியது.

"அக்கா பிரசவத்துக்குக்கூட நீங்க இப்படித் தவிக்கலையே!"

"சும்மா இருடா. பசியில கிடக்குது அது."

எழுந்தார், உட்கார்ந்தார், நகத்தைக் கடித்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது: மரத்தில் சாய்த்த அலுமினிய ஏணி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். மச்சினனோடு சேர்ந்து அதைப் புதருக்குள் இழுத்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆண் பறவை பொந்தருகே வந்து அமர்ந்தது. தலையை உதறி, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து சந்துக்குள் ஊட்டியது. லைன்மேனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கம்பியை மறுநாளே தள்ளிக் கட்டிவிட்டார்கள். அப்படியும் அவர் மனசு அடங்கவில்லை. எந்த வேலைக்குப் போனாலும் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். வாரங்கள் கழிந்து ஒருநாள், பொந்தருகே இரண்டு பெரிய பறவைகள் பழத்தோடு உட்கார்ந்திருந்தன. வாசலோ பூசியபடியே இருந்தது. கூட வந்த மச்சினனின் தோளை உலுக்கினார்.

"அம்மா வெளிய வந்துட்டாளே. அப்ப உள்ளயிருந்து யாருடா பூட்டினது?"

சந்திலிருந்து சின்ன அலகு ஒன்று எட்டிப் பார்த்துக் கிறீச்சிட்டது.

"பிள்ளைதான்" என்றான் மச்சினன். "அம்மா உடைச்ச சுவரைத் தானே பூசிக்கிட்டிருக்கு!"